பிரட்டு மணி நின்ற பின்

மலாக்கா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த நம் முன்னோருக்கு, விடிந்தால் என்ன செய்வது என்று இரவில் கண் விழித்து யோசிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் ஏற்பட்டதில்லை. பொழுது புலருமுன்னே மணி அடிக்கும். லயத்து வாசல்களில் விளக்கு ஏறும். பிரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவார், கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். யாருக்கு எந்த நிரை என்பது அங்கேயே முடிவாகிவிடும். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும், வெயில் ஏற ஏற ஒழுக்கு மெலிந்துபோகும் என்பதனால், மரமே மனிதனுக்கு நேரம் வகுத்துக் கொடுத்தது. நானூறோ ஐந்நூறோ மரங்களை வெட்டி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளிகளைச் சுமந்து வந்து பால் ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கும்வரை, அடுத்தபடி என்ன என்ற கேள்வி எழ இடமே இல்லை. கைக்குழந்தையை ஆயக்கொட்டகை பார்த்துக்கொண்டது. கடைக்கணக்கைக் கடைக்காரரே எழுதிவைத்தார். விரத நாளையும் திருவிழா நாளையும் கோயில் பூசாரி ஞாபகம் வைத்திருந்தார்.

அந்த ஏற்பாட்டை நான் புகழ வரவில்லை. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிபப் பயிராக நட்ட காலந்தொட்டு, தோட்டத்து மணி பாலின் நன்மைக்காக அடித்ததேயன்றிப் பாட்டாளியின் நன்மைக்காக அடித்ததில்லை. பிந்தி வந்தவன் கூலி இழந்தான், அவசரத்தில் பட்டையைக் காயப்படுத்தியவன் ஏச்சு வாங்கினான். பிறகு அத்தோட்டங்களும் நிலைக்கவில்லை. 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். 1967-இல் புக்கிட் அசஹான் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் பிழைப்பைக் காக்கும்படி முறையிடக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன; தோட்டத்துப் பிள்ளைகள் பாச்சாங், புக்கிட் பியாத்து, செங், பத்து பெரெண்டாம் என்று நகரைச் சுற்றிய இடங்களில் குடியேறினார்கள். இப்பெயர்ச்சியில் வீட்டை இழந்தோம், கோயிலை இழந்தோம், பள்ளியை இழந்தோம் என்று நிறையப் பேசியிருக்கிறோம். பேசாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரு மனிதனின் நாளைத் தாங்கி நின்ற ஒழுங்கு அவனுக்கு வெளியே இருந்த காலம் முடிந்து, அந்தப் பாரம் முழுவதும் அவன் தலைக்குள் ஏறிக்கொண்டது.

இன்றைய பாச்சாங்கில் ஒரு குடும்பத்தலைவர் நினைவில் வைத்திருக்க வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள். எழுபதுகளில் தோன்றிய பத்து பெரெண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை என்றால், காலை, மாலை, இரவு என்று ஷிப்ட் மாறிக்கொண்டிருக்கும்; கிரேப் ஓட்டுபவராகவோ, சிறு குத்தகை எடுப்பவராகவோ, வீட்டில் சமைத்து விற்பவராகவோ இருந்தால், எழுந்திரு என்று சொல்லவே ஆளில்லை. மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி, காப்புறுதி. பிடிபிடிஎன் கல்விக் கடன் தவணை. ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கு. தண்ணீர், மின்சாரக் கட்டணம். தாயாருக்கு இனிப்புநீர் மருந்து வாங்கும் தேதி. பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம். பெரும்பாலோர் சிரமப்பட்டாவது இவற்றைச் சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் புத்தியிலோ நல்லெண்ணத்திலோ எள்ளளவும் குறைவில்லாத சிலர், எவ்வளவு பிரயத்தனப்பட்டும், பால்ய வயதிலிருந்தே இத்தகைய காரியங்களில் தவறிக்கொண்டேயிருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் கவனக்குறைவு – மிகையியக்கக் குறைபாடு இவர்களில் அநேகருக்கு இருக்கக்கூடும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வயது வந்தோரில் 100-க்குச் சுமார் 2.5 பேருக்கு இது உண்டு என்று கணித்திருக்கிறார்கள். அப்படியானால், நடுத்தரமான ஒரு குடியிருப்புத் தாமானில்கூட இத்தகையவர் வாழும் வீடுகள் சில இருந்தே தீரும்.

இக்குறைபாட்டைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி வற்புறுத்திச் சொல்லிவரும் விஷயம் ஒன்றுண்டு: இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்; தெரிந்ததை, உரிய இடத்தில், உரிய கணத்தில் செய்விக்கும் சக்திதான் தளர்ந்திருக்கிறது. காலம் ஓடுவதை உள்ளுணர்வால் அளக்கும் திறனும் இவர்களிடம் மங்கலாகவே இருக்கிறது. அடுத்த வாரம் கட்ட வேண்டிய கட்டணம், நாள் கடந்து அபராதம் வந்த பிறகே கண்ணெதிரே வந்து நிற்கிறது. நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: ‘கோயில் வேலைன்னா பறக்கிறான், கரண்டு பில்லு கட்டச் சொன்னா மறந்துடுறான்.’ செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசிமகத்துக்கு இரவு பகல் பாராமல் அண்டாத் தூக்கி அன்னம் பரிமாறும் பிள்ளை, ஒரு பாரத்தில் கையெழுத்திட்டு அனுப்ப மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறான் என்றால், மனம் வைத்தால் முடியும், மனம் வைக்கவில்லை என்ற முடிவுக்கு அவன் தாயார் வருவது இயல்பே. ஆயினும் அது தவறான முடிவு. சுற்றிலும் ஆட்களும் ஆரவாரமும் உடனே தெரியும் பலனும் உள்ள இடத்தில் வெளியுலகமே அவனைச் செலுத்துகிறது. பலன் தொலைவில் இருக்கும் காரியத்தைத் தனியே உட்கார்ந்து செய்யும்போது அவன் தன்னைத் தானே செலுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பலவீனம் அங்கேதான். அது சுபாவ தோஷமன்று, சோம்பலும் அன்று, மூளையின் முன்பகுதி செய்யும் நிர்வாக வேலையில் உள்ள குறை.

மருத்துவ உலகமே இதை மெல்லத்தான் கண்டுகொண்டது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இலேயே நிலையில்லாக் கவனத்தை ஒரு தனி நிலையாக வருணித்தார். ஜார்ஜ் ஸ்டில் 1902-இல் லண்டனில் குழந்தைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் பெயர்பெற்றவை. ஆனால் 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இது இடம்பெற்றபோதும் குழந்தைப் பருவத்துக் கோளாறாகவே இடம்பெற்றது. வளர்ந்தவுடன் போய்விடும் என்று நினைத்தார்கள். அதே கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், வயது வந்தோருக்கு அறிகுறிகளின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஐந்தாகத் தனியே வகுக்கப்பட்டது. ஆகவே இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளையை அவனுடைய பள்ளிப் பருவத்தில் யாரும் பரிசோதிக்கவில்லை என்பதில் வியப்பில்லை, அடித்தார்கள், அவ்வளவுதான். இதில் பரம்பரையின் பங்கு சுமார் முக்கால் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுவதையும் சேர்த்துப் பார்த்தால், அடித்த தகப்பனாரும் அதே துன்பத்தைப் பெயரறியாமல் சுமந்தவராக இருந்திருக்கலாம்.

மருந்து உண்டு. 1954-இல் விற்பனைக்கு வந்த மெத்தில்ஃபெனிடேட் இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று. மனநல மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொண்டு பயனடைவோர் ஏராளம். அதைக் காட்டி அச்சுறுத்திப் பேசுவது பாவம். ஆனால் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, வயது வந்தோர் விஷயத்தில் ஒரு கிரமத்தைச் சொல்கிறது: முதலில் அம்மனிதரின் சூழலை மாற்றியமையுங்கள், அதன் பின்னும் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்படுமானால் மருந்தைக் கொடுங்கள். மாத்திரை கவனத்தைக் கூட்டலாம். எந்தப் பில்லை எப்போது கட்டுவது என்று அது சொல்லித்தராது. அந்த வித்தையைக் கற்பித்தால் பயன் உண்டா என்று இரு குழுவினர் முறையாகச் சோதித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாஸ்டனில் ஸ்டீவன் சேஃப்ரன், மருந்து உட்கொண்டும் சிரமம் தீராத 86 பேரை ஆராய்ந்தார். நியூயார்க்கில் மேரி சொலான்டோ 88 பேரைக் குழுக்களாகப் பிரித்து 12 வாரம் பயிற்றுவித்தார். தளர்வுப் பயிற்சியோ ஆறுதலான குழுப் பேச்சோ மட்டும் பெற்றவர்களைவிட, இவ்வித்தையைக் கற்றவர்கள் தெளிவாகத் தேறினார்கள். அங்கே கற்பித்தவை என்ன? ஒரே குறிப்பேடு, ஒரே நாட்காட்டி, பெரிய காரியத்தைச் சிறு படிகளாக நறுக்குதல், முந்தியது எது பிந்தியது எது என்று குறித்தல், கவனம் எத்தனை நிமிஷம் நிற்கிறதோ அத்தனை நிமிஷத்துக்கு மட்டும் வேலையை அளவிடுதல். இவ்வளவு சாதாரணமான விஷயங்களை வாரக்கணக்கில் பொறுமையாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்று படித்த மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்களே, அந்தப் பணிவு நம் குடும்பங்களுக்கும் வரவேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

இதற்குரிய சாதனங்கள் நமக்குப் புதியனவல்ல. குதிரைப் பந்தய நாள்களில் குதிரைப் படம் அச்சிட்டிருப்பதால் இந்நாட்டில் எல்லா இனத்தாரும் ‘குதிரைக் காலண்டர்’ என்று அழைக்கும் பெரிய மாதக் காலண்டரும், அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்ட, கடன்கணக்குக்குப் பேர்போன, சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகமும் போதும். பாச்சாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியரின் வீட்டில் இவ்விரண்டும் பயன்படும் விதத்தைச் சொல்கிறேன். கணவருக்கு இக்குறைபாடு உண்டு, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலண்டர் சமையலறையில், குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், கண் மட்டத்தில் தொங்குகிறது. காலை ஷிப்டுக்கு நீலம், மாலைக்குப் பச்சை, இரவுக்குச் சிவப்பு என்று மாதம் பிறக்குமுன் கட்டங்களுக்குக் கோடிட்டுவிடுகிறார்கள். ஆணியிலிருந்து ஒரு நூலில் பேனா கட்டியிருக்கிறது. பேனாவைத் தேடப் போனால், போன இடத்தில் வேறொன்றைக் கண்டு, எழுத வந்ததை மறந்துவிடுவார் என்பதனால் செய்த ஏற்பாடு அது. அக்காலண்டரில் இல்லாத எந்தத் தேதிக்கும் அவ்வீட்டில் மதிப்பில்லை.

555 புத்தகத்தில் நாளுக்கு ஒரு பக்கம். அதில் மூன்று காரியங்களுக்கு மேல் எழுதக்கூடாது என்பது அவர்களாக வகுத்துக்கொண்ட விதி. எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘வருமான வரி’ என்று எழுதினால் அது மாதக்கணக்கில் பக்கத்துக்குப் பக்கம் தாவுமேயொழிய நடக்காது. ‘இஏ பாரத்தை எடுத்து மேசைமேல் வை’ என்று, முதலாளி தரும் ஆண்டுச் சம்பள அறிக்கையைக் குறித்து எழுதினால் அன்றே நடந்துவிடுகிறது, பாரம் மேசைக்கு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எதிர்ப்பக்கம் காலியாக விடப்பட்டிருக்கும். வேலை நடுவே ‘டயருக்குக் காற்று அடிக்கணும்’, ‘மாமாவுக்குப் போன் பண்ணணும்’ என்று திடீர் எண்ணங்கள் எழும்போது, எழுந்துபோய்ச் செய்யாமல், அங்கே குறித்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். சேஃப்ரனின் பயிற்சியிலும் இதே உபாயம் இருக்கிறது. ஷிப்டுக்குப் புறப்படுமுன் தேநீர் குடிக்கும் வேளையில் காலண்டரையும் புத்தகத்தையும் ஒத்துப்பார்க்கிறார்கள். அப்போது மனைவி, ‘செஞ்சீங்களா?’ என்று கேட்பதில்லை. ‘புத்தகத்தை எடுங்க’ என்று மட்டும் சொல்கிறார். முதற்கேள்வி விசாரணை, இரண்டாவது உதவி. கைத்தொலைபேசியில் அலாரம் இரண்டு: குளிக்கப் போவதற்கு ஒன்று, வாசலைத் தாண்டுவதற்கு ஒன்று. கைத்தொலைபேசிக்கு அதற்கு மேல் அதிகாரம் கொடுக்கக்கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஞாபகப்படுத்த எடுத்த கருவியே அரைமணி நேரத்தை விழுங்கிவிடும்.

மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் சாவியை வாசல் ஆணியில் மாட்டுவது என்று ஒரு செயலை இன்னொரு செயலோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ‘இது நேர்ந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே இடமும் வேளையும் குறித்துச் செய்யும் சங்கற்பம், ‘கட்டாயம் செய்வேன்’ என்ற வெறும் உறுதியைவிட வலிமையுடையது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நிறுவிக் காட்டியிருக்கிறார்; இக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் அது கைகொடுக்கிறது என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் கண்டார்கள். மாதாமாதம் வரும் கட்டணங்களை வங்கியே கழித்துக்கொள்ளும்படி எழுதிக்கொடுத்துவிடுவது இன்னும் உத்தமம், ஏனெனில் நினைவு வேண்டாத காரியம் தவறுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இவ்வொழுங்கு சில வாரங்களில் தளரும். புதுமை மங்கியவுடன் அந்தப் புத்தகம் இவர்கள் கண்ணில் படாமலே போகும். இரண்டு நாள் விடுபட்டால், எல்லாம் கெட்டது என்று மனம் உடைந்து, அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார்கள். பாதி எழுதிய பழைய டைரிகள் இவர்கள் வீட்டில் குவிந்திருப்பது இதனால்தான். தளர்ச்சி வரும் என்பதை முதலிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுபட்ட நாள்களை நிரப்பப் புகாமல் இன்றைய தேதியில் தொடங்குவது, புத்தகத்தின் நிறத்தை மாற்றுவது, வாரத்தில் ஒரு வேளை இன்னொருவரோடு உட்கார்ந்து புதுப்பிப்பது ஆகியவை பலருக்கு உதவுகின்றன. பக்கத்தில் ஒருவர் தம் வேலையைச் செய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே தம் வேலையும் ஓடுகிறது என்பது இவர்களில் அநேகர் சொல்லும் அநுபவம். நம் கோயில் மண்டபங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மேசை போட்டுத் திறந்திருந்து, கட்டாத பில்லோடும் நிரப்பாத பாரத்தோடும் வருகிறவர்கள் யாரும் யாரையும் கேள்வி கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துச் செல்ல இடம் கொடுத்தால், அது பெரும் தருமமாகும். நிர்வாகஸ்தர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. சிறுமிகளிடம் இது பெரும்பாலும் ஓட்டமும் குதியுமாக வெளிப்படாமல், ஜன்னல் வழியே வெளியே பார்த்திருக்கும் மௌனமாக இருந்துவிடுவதால் ஆசிரியர் கண்ணில் படுவதில்லை. கலியாணம் ஆனதும், வீட்டிலுள்ள எல்லோருடைய ஞாபகமும் அவள் தலையில் ஏற்றப்படுகிறது: மாமனாரின் மாத்திரை, பிள்ளையின் சீருடை, நாத்தனார் வீட்டு வளைகாப்பு. ஆண் மறந்தால் அசட்டை என்று விட்டுவிடும் சமூகம், பெண் மறந்தால் வளர்ப்பையே பழிக்கிறது. தன் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் கேட்கும் கேள்விகள் ஒவ்வொன்றும் தன்னையே கேட்பதுபோல் இருக்கக் கண்டு திகைத்துப்போகும் தாய்மார்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அத்தாய்க்கு முதலில் வேண்டியது புத்திமதியன்று. வீட்டு ஞாபகங்களில் பாதியைக் கணவர் எழுத்துமூலம் பொறுப்பேற்பது.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இக்குறைபாடுள்ளோரில் கணிசமானவர்களுக்கு உடம்பின் தூக்கக் கடிகாரமே பிந்தி ஓடுகிறது. அவர்களை வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாற்றி அலைக்கழித்தால், எந்தத் திட்டமும் வேர் பிடிக்காது. ஒரே ஷிப்டில் நிலையாக விடுவது, வாய்மொழி உத்தரவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது, மாதக்கெடு வேலையை வாரக்கெடுவாகப் பிரித்துக் கேட்பது ஆகிய இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. ஆபத்துக்காலத்தில் முதலில் பாய்ந்து வருகிற, இயந்திரம் நின்றால் இரவெல்லாம் அதனோடு மல்லுக்கட்டுகிற ஊழியரை, ஒரு பாரம் தாமதமானதற்காக இழப்பது நஷ்டம்.

அரசாங்கத்திடம் எதிர்பார்க்க வேண்டியதும் இருக்கிறது. இக்குறைபாட்டுக்கான நம் சுகாதார அமைச்சின் மருத்துவ வழிகாட்டி 2008-இல் முதலில் வந்தது. 2020-இல் புதுப்பிக்கப்பட்ட பதிப்பும் குழந்தைகளுக்கும் இளம்பருவத்தினருக்கும் உரியதாகவே இருக்கிறது. வயது வந்தோருக்கும் அப்படியொன்று வரவேண்டும். நாளைத் திட்டமிடும் இவ்வித்தைகளைத் தமிழில் கற்பிக்கும் ஏற்பாடும் வேண்டும். அதுவரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் சொல்லி, பரிந்துரைக் கடிதம் பெற்று, மலாக்கா மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவுக்குச் செல்லலாம். உறக்கமின்மை, மனச்சோர்வு, தைராய்டுக் கோளாறு போன்றவையும் இதே தோற்றம் காட்டுமாதலால், இதைப் படித்துவிட்டுத் தாமே முடிவு செய்துகொள்ளாமல் மருத்துவரிடம் போவதே விவேகம். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று அவர் கட்டாயம் கேட்பார். ஆகவே, பழைய பெட்டியில் கிடக்கும் தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளை, ‘கவனம் தேவை’ என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகளோடு, எடுத்துச் செல்லுங்கள். அவை கிடைக்காவிட்டால், உங்களைச் சிறு வயதில் வளர்த்த அம்மாவையோ, பெரியம்மாவையோ, மூத்த அக்காவையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் எத்தனை குடையைத் தொலைத்தீர்கள், எத்தனை முறை புத்தகப்பை இல்லாமல் பள்ளிக்குப் போனீர்கள் என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.